சங்கமா, அக்ரஹாரவா, தனியார் காப்புறுதியா: கிழக்கில் ஓர் ஆசிரியர் எதில் முதலில் சேரலாம்?

இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் புதிதாக நியமனம் பெற்று வலயக் கல்வி அலுவலகத்தில் கடமையேற்கும் ஆசிரியருக்குச் சில மாதங்களுக்குள் நான்கைந்து படிவங்கள் வந்து சேர்ந்துவிடும். தொழிற்சங்க அங்கத்துவப் படிவம் ஒன்று. பாடசாலை நலன்புரிச் சங்கத்தினுடையது ஒன்று. சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கத்தினுடையது இன்னொன்று. இடைவேளை நேரத்தில் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து உட்காரும் காப்புறுதி முகவர் நீட்டுவது வேறு. எல்லாமே ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: நோய் வந்தால் உதவி, விபத்து நடந்தால் உதவி, நாம் இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு உதவி. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டவர் மாத முடிவில் சம்பளச் சிட்டையைப் பார்த்துத் திகைக்கிறார். ஒன்றிலும் போடாதவர் வார்ட்டில் கிடந்துகொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தவிக்கிறார்.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதித் திட்டமான அக்ரஹாரவை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து தொழிற்சங்கத்தில் சேருங்கள், ஆனால் காப்புறுதிக்காகச் சேராதீர்கள். தனியார் காப்புறுதி கடைசி, அதுவும் சிலருக்கு மட்டும். ஏன் இந்த வரிசை என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஏற்கெனவே கையில் இருப்பது

அரச சேவையில் உள்ள ஆசிரியர் வெறுங்கையோடு நிற்பவர் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளிலும் சிகிச்சை இலவசம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேட்காமல் வரும். இதற்கு மேலே இருப்பதுதான் அக்ரஹார. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதை நடத்துகிறது. மாதாமாதம் சம்பளத்தில் கழிகிறது. சாதாரணம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரங்கள் உண்டு. தரம் உயர உயர கழிவும் கூடும், கிடைக்கும் தொகையும் கூடும்.

பலருடைய சிட்டையில் இந்தக் கழிவு வருடக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கும். ஆனால் தாம் எந்தத் தரத்தில் இருக்கிறோம் என்று கேட்டால் தெரியாது. குடும்பத்தவருடைய பெயர்கள் கோவையில் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாணம் முடித்து, இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் தனிப்பட்ட கோவையில் இன்னும் தனி ஆள். விவாகச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும் கோவையில் இல்லையென்றால், பிள்ளைக்கு ஒரு சத்திரசிகிச்சை என்று வரும்போது ஓட்டம் அங்கே தொடங்கும். பணம் கட்டியும் பயன் கிடைக்காமல் போவது பெரும்பாலும் இப்படியான இடத்தில்தான்.

இன்னொன்று. அரச வைத்தியசாலையில் காசு செலவழியவில்லையே, எதற்குப் பணம் கேட்பது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அக்ரஹாரவில் அரச வார்ட்டில் தங்கிய நாட்களுக்கும் கொடுப்பனவு உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் நோய் நிர்ணய அட்டையில் அனுமதிக்கப்பட்ட திகதியும் வெளியேறிய திகதியும் தெளிவாக இருக்கின்றனவா என்று வார்ட்டை விட்டு வர முன்பே பாருங்கள். அட்டையை வீட்டில் மடித்து வைத்துவிட்டு, படிவத்தில் சொன்ன கால எல்லை முடிந்தபின் தேடினால் பயனில்லை. குடும்பம் உள்ளவர்கள், சம்பளம் தாங்குமென்றால், ஒரு படி மேல் தரத்துக்கு மாறுவதே என் ஆலோசனை. அதையும் சுகமாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.

மரணத்தைப் பொறுத்தவரை விதவைகள், தபுதாரர்கள் (மனைவியை இழந்தவர்கள்), அநாதைகள் ஓய்வூதியத்துக்கும் சம்பளத்தில் கழிகிறது. இந்தத் திட்டத்துக்கான அங்கத்துவ இலக்கம் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே கணக்குக் கிளையில் கேளுங்கள். ஆசிரியைகளின் கணவர்மாருக்கும் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்தது. ஆனாலும் இது ஆண்களுக்குரியது என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சேவையில் இருக்கும்போது இறந்தால் பணிக்கொடையும் உண்டு. முகவர் ஒருவர் "உங்களுக்கு ஒன்று நடந்தால் பிள்ளைகள் நடுத்தெருவில்" என்று சொல்லும்போது இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் எதைத் தருகிறது

எங்கள் பக்கத்தில் இலங்கை ஆசிரியர் சங்கம், இலங்கைத் தமிழர் ஆசிரியர் சங்கம், இலங்கை இஸ்லாமிய ஆசிரியர் சங்கம், இலங்கை ஆசிரியர் சேவைச் சங்கம் என்று பல இருக்கின்றன. எதில் சேருவது என்பது உங்கள் விருப்பம். நலன்புரிப் பக்கம் சங்கத்துக்குச் சங்கம், கிளைக்குக் கிளை மாறுகிறது. பொதுவாக மூன்று வடிவங்களில் பார்க்கலாம்.

முதலாவது மரண உதவி. அங்கத்தவரோ பெற்றோரோ துணையோ இறந்தால் ஒரு தொகை, கூடவே மலர்வளையமும் ஆட்களும். இது காப்புறுதி அல்ல. அங்கத்தவர்களிடம் சேர்த்து, அங்கத்தவர் ஒருவருக்குக் கொடுப்பது. ஆயிரம் பேர் தலைக்கு 100 ரூபாய் கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் சேரும் என்று வைத்துக்கொள்வோம். அங்கத்தவர்கள் இளம் வயதினராக இருக்கும் வரை இது இலகு. எல்லோருக்கும் வயது ஏற ஏற மரணங்கள் கூடும், புதியவர்கள் சேராவிட்டால் தலைக்குக் கட்டும் தொகையும் கூடும். ஆனாலும் செத்தவீட்டு முதல் நாள் கையில் வந்து சேரும் காசுக்கு ஒரு பெறுமதி இருக்கிறது. காப்புறுதிப் பணம் எதுவும் அந்த வேகத்தில் வராது.

இரண்டாவது குழுக் காப்புறுதி. சங்கம் ஒரு கம்பனியோடு ஒப்பந்தம் செய்து அங்கத்தவர்கள் எல்லோரையும் ஒரே காப்புறுதியில் சேர்ப்பது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமே நோய், விபத்து, மரணம் போன்றவற்றுக்காகச் சங்க நிதியைச் செலவிட இடம் தருகிறது. குழுக் காப்புறுதியின் பெரிய நன்மை, ஒரு எல்லை வரையான தொகைக்குப் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள் என்பது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல், சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஒருவர் தனியாகப் போனால் கட்டுப்பணம் உச்சத்தில் நிற்கும், அல்லது வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். சங்கத்தோடு போனால் எல்லோருக்கும் ஒரே கட்டுப்பணம்.

அதே குழுக் காப்புறுதியின் குறையும் பெரியது. ஒப்பந்தம் உங்களுடையது அல்ல, சங்கத்தினுடையது. சங்கம் கட்டுப்பணத்தைக் கட்டத் தவறினால், அடுத்த வருடம் புதுப்பிக்காவிட்டால், நீங்கள் சங்கத்தை விட்டு விலகினால், ஓய்வு பெற்றால், பாதுகாப்பு அன்றோடு நின்றுவிடும். இருபது வருடம் கட்டினேனே என்று சொல்ல முடியாது. ஆகவே, சேர முன் கிளைச் செயலாளரிடம் கேளுங்கள்: எந்தக் கம்பனி, ஒப்பந்த இலக்கம் என்ன, என் பெயர் அனுப்பப்பட்ட பட்டியலைக் காட்ட முடியுமா, விபத்து மரணத்துக்கு மட்டுமா அல்லது எந்த மரணத்துக்குமா, எந்த வயது வரை, எனக்கென்று ஒரு சான்றிதழ் தருவீர்களா? நல்ல செயலாளர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார். முகம் சுழித்தால் அதுவும் ஒரு பதில்தான். பதிவு செய்த சங்கம் ஒவ்வொரு வருடமும் கணக்கறிக்கையைத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்க்கக் கேட்பது அவமரியாதை இல்லை.

மூன்றாவது வடிவத்துக்குப் பெயரே கிடையாது. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. சங்கத்தில் ஒருவருக்குக் கடிதம் எழுதத் தெரிந்திருக்கும். எந்தச் சுற்றறிக்கை எங்கே பொருந்தும், எந்த மேசையில் கோவை நிற்கிறது, யாரிடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்குப் போய்க் கற்பிப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு ஒரு பகுதியினருக்குப் பயணம் இலகுவானது. குருமண்வெளியில் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போனவர்களும், மோட்டார் சைக்கிளில் வெல்லாவெளிப் பக்கம் அதிகாலையில் யானைக்குப் பயந்து போகிறவர்களும், மாரியில் கிரான் பாலம் மூழ்கினால் புலிபாய்ந்தகல் பக்கம் வள்ளத்திலும் உழவு இயந்திரத்திலும் போகிறவர்களும் ஒவ்வொரு நாளும் ஆபத்தைத் தாண்டித்தான் வகுப்புக்குள் நுழைகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பலர் மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும்தான் எடுத்திருப்பார்கள். அது நீங்கள் இடித்த ஆளுக்கு. விழுந்த உங்களுக்கு அதில் ஒன்றுமில்லை.

கடமைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கு அரச உத்தியோகத்தருக்கு விபத்து லீவு, இழப்பீடு ஆகிய உரிமைகள் உண்டு. பொது நிருவாகச் சுற்றறிக்கை 22/93 இதற்குரியது. ஆனால் அது தானாக வீடு தேடி வராது. உடனே அதிபருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பொலிஸ் முறைப்பாடு வேண்டும். வைத்திய அறிக்கையில் விபத்து என்று இருக்க வேண்டும். வழக்கமான பாதையில்தான் போனார் என்பதற்குப் பதிவு வேண்டும். கால் உடைந்து கிடப்பவர் இதையெல்லாம் எப்படி ஓடிச் செய்வார்? வீட்டில் இருப்பவர்களுக்கு 22/93 என்றால் என்னவென்று தெரியாது. இந்த இடத்தில் ஒரு கிளைச் செயலாளர் இரண்டு கடிதம் எழுதி, இரண்டு தடவை வலயத்துக்குப் போய் வந்தால், அதன் மூலம் வரும் தொகை எந்தக் குழுக் காப்புறுதியையும் விடப் பெரியதாக இருக்கலாம்.

இடமாற்றமும் அப்படித்தான். வாகரையில் ஐந்து வருடம், ஆறு வருடம் என்று நிற்கும் இளம் தாய்மாருக்கு உடல்நலம் என்பதே வீட்டுக்குக் கிட்ட ஒரு பாடசாலை கிடைப்பதுதான். இடமாற்றச் சபையில் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. மகப்பேற்று விடுமுறையில் முழுச் சம்பளத்துடன் 84 நாட்கள், அதன் பின் அரைச் சம்பளத்துடன் 84, சம்பளமில்லாமல் இன்னொரு 84 என்று உரிமை இருக்கிறது. "ஆளில்லை டீச்சர், கெதியாக வந்துவிடுங்கள்" என்று அதிபர் கேட்கும்போது மறுத்துப் பேச ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 ஜூலையில் சங்கங்கள் சேர்ந்து ஒன்லைன் கற்பித்தலை நிறுத்தின. இருபது வருடங்களுக்கு மேலான சம்பள முரண்பாடு அதற்குக் காரணம். ஒக்டோபரில் பாடசாலைக்குத் திரும்பினோம். 2022 ஜனவரியில் ஆசிரியர், அதிபர் சம்பளம் உயர்ந்தது. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த உயர்வு அடிப்படைச் சம்பளத்தில் ஏறியது, ஓய்வூதியத்திலும் ஏறும். சங்கச் சந்தாவின் பலனை எண்ணும்போது மரண உதவித் தொகையை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைத்துப்போகும்.

நலன்புரிச் சங்கமும் சிக்கன கடனும்

பாடசாலை நலன்புரிச் சங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிறிய தொகை, கல்யாணம், பிள்ளைப்பேறு, செத்தவீடு. சேருங்கள்.

சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கம் காப்புறுதி இல்லை, ஆனால் அந்தரத்துக்கு உதவுவது அதுதான். கொழும்புக்கோ கண்டிக்கோ ஒருவரை அவசரமாகக் கொண்டுபோக வேண்டுமென்றால், அக்ரஹார பின்னால்தான் வரும். முன்னால் காசு வேண்டும். வட்டி தாங்கக்கூடியது. இங்கே பயப்பட வேண்டியது பிணைக் கையெழுத்துக்குத்தான். பக்கத்து மேசைச் சேர் கேட்டார் என்று போட்ட கையெழுத்து, அவர் கட்டாமல் விட்டால் உங்கள் சம்பளத்தில் கழியும். நுண்கடனால் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யாருக்குப் பிணை நின்றிருக்கிறீர்கள், எவ்வளவு, எப்போது முடியும் என்று எழுதி வையுங்கள். வீட்டிலும் சொல்லி வையுங்கள்.

தனியார் காப்புறுதி

முகவர்களில் பலர் எங்களுடைய பழைய மாணவர்கள். இல்லை என்று சொல்வது கஷ்டம். ஆனால் அவர்கள் ஆசிரியர் ஓய்வறையில் விற்பது பெரும்பாலும் சேமிப்பும் காப்புறுதியும் கலந்த திட்டம். இத்தனை வருடம் கட்டினால் முதிர்வில் இத்தனை இலட்சம் என்ற மாதிரி. அந்தத் தொகை இன்று பெரியதாகத் தெரியும். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டதை நாம் எல்லோரும் கடையில் பார்த்தோம். பதினைந்து வருடத்துக்குப் பிறகு கிடைக்கும் ஒரு நிலையான தொகை அப்போது எதை வாங்கும் என்று யோசியுங்கள். முதல் ஓரிரு வருடங்களில் கட்ட முடியாமல் நிறுத்தினால் கட்டியதில் பெரும்பாலும் ஒன்றும் திரும்பி வராது.

உயிர்ப் பாதுகாப்பு மட்டும் தரும், முதிர்வுத் தொகை இல்லாத காப்புறுதி மலிவு. அதை முகவர் தானாகச் சொல்லமாட்டார், நீங்கள் கேட்க வேண்டும். வீட்டுக் கடன் உள்ளவர், உழைக்கும் ஒரே ஆளாக இருப்பவர், வயது குறைந்த பிள்ளைகள் உள்ளவர் இதை எடுக்கலாம். எடுத்தால் உள்ள வருத்தங்களை மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள். "சீனி என்று போட வேண்டாம் மிஸ், கட்டுப்பணம் கூடும்" என்று யாராவது சொன்னால் அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்னால் பணம் மறுக்கப்படும்போது சொன்னவர் இருக்கமாட்டார், உங்கள் கையெழுத்துத்தான் இருக்கும். ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கையில் கிடைத்து 21 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கம்பனியோடு பிரச்சினை என்றால் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம், காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம்.

மனதைப் பற்றி யாரும் படிவம் தருவதில்லை

ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு, பெறுபேறு குறைந்தால் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்பது, வீட்டில் வயதான பெற்றோர், போரும் 2004 சுனாமியும் விட்டுப்போன இழப்புகளை மனதில் வைத்துக்கொண்டே அந்தப் பிள்ளைகளையும் தேற்ற வேண்டிய நிலை. இதைத் தாங்க முடியவில்லை என்று சொல்ல எங்கள் ஆசிரியர்களுக்கு இடமில்லை. பிரித்தானியாவில் ஆசிரியர் சங்கம் ஒன்று 1877இல் தொடங்கிய உதவி நிதியிலிருந்து வளர்ந்த அமைப்பு, இன்று ஆசிரியர்களுக்காகவே ஒரு தொலைபேசி உளவளத்துணைச் சேவையை நடத்துகிறது. இங்கே சங்கங்கள் சம்பளத்தையும் இடமாற்றத்தையும் பற்றிப் பேசுமளவுக்கு இதைப் பற்றிப் பேசவில்லை. பேச வேண்டும். அங்கத்தவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். மேலதிகாரியின் சொல்லாலும் நடத்தையாலும் உடைந்துபோகும் ஓர் ஆசிரியை கிளைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல முடியாது. நம்பிக்கையான ஒரு பெண் நிர்வாகியிடம் தனியாகச் சொல்ல வழி இருக்க வேண்டும். சேர முன் இதையும் கேளுங்கள்: உங்கள் கிளை நிர்வாகத்தில் எத்தனை பெண்கள்?

இப்போதைக்கு 1926 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது, தேசிய மனநல நிறுவனத்தினுடையது. போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போவது கிளினிக்குக்குப் போவது மாதிரித்தான்.

யாருக்கு எது

வயதான பெற்றோரைப் பார்க்கும், கல்யாணம் ஆகாத ஆசிரியை: அக்ரஹாரவில் பெற்றோரைச் சேர்த்து மேல் தரத்துக்குப் போங்கள். சங்கம், நலன்புரி. தனியார் காப்புறுதி இப்போது வேண்டாம்.

இருவரும் ஆசிரியர்களாக இருக்கும் குடும்பம்: உயிர்க் காப்புறுதி பெரும்பாலும் அவசரமில்லை. அந்தக் காசைச் சிக்கன கடன் சங்கத்தில் சேமிப்பாகப் போடுங்கள்.

கணவன் கடலிலோ வயலிலோ உழைக்கும், வீட்டில் ஒரே நிலையான சம்பளம் ஆசிரியையினுடையது என்ற குடும்பம்: மலிவான உயிர்க் காப்புறுதி ஒன்று சரி. சங்கத்தில் குழுக் காப்புறுதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

ஐம்பதைத் தாண்டியவர்: ஓய்வூதியத்துக்குப் பிறகு அக்ரஹாரவைத் தொடர்வது பற்றி இப்போதே கேளுங்கள். சங்கத்தின் மரண உதவி ஓய்வு பெற்றபின் தொடருமா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் தொடராது.

முன்பள்ளி ஆசிரியைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்னதில் பாதி அவர்களுக்குப் பொருந்தாது. அரச உத்தியோகத்தர் அல்லாததால் அக்ரஹார இல்லை, ஓய்வூதியம் இல்லை, விபத்துச் சுற்றறிக்கை இல்லை. கிடைக்கும் கொடுப்பனவில் தனியார் காப்புறுதிக்குக் கட்டுப்பணம் கட்ட முடியாது. மற்ற எல்லோருக்கும் குழுக் காப்புறுதி ஒரு மேலதிகம் என்றால், இவர்களுக்கு அது ஒன்றே வழி. தலைக்கு ஒரு சிறு தொகையில் விபத்துக்கும் மரணத்துக்கும் ஒரு குழுக் காப்புறுதியைப் பேசி எடுக்கலாம், ஆனால் அதற்குக் கம்பனியோடு கையெழுத்திட ஓர் அமைப்பு வேண்டும். தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும். ஒரு கோட்டத்து முன்பள்ளிகள் சேர்ந்தாலே அதற்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். விண்ணப்பம் தொழில் திணைக்களத்தில் உள்ள தொழிற்சங்கப் பதிவாளருக்குப் போக வேண்டும். யாப்பு எழுதிக் கொடுக்கவும் முதல் வருடக் கணக்கைச் சரிபார்க்கவும் அந்தந்த வலயத்தில் உள்ள ஆசிரியர் சங்கக் கிளைகளைக் கேளுங்கள். கேட்டால் செய்ய வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.